ஐந்தாம் பருவத்தின் படம்

நாத்தனார்: ...முடி பன்னெண்டுதான் அண்ணி. எத்தனை தடவை எண்ணினாலும் பன்னெண்டு. இதென்ன நம்ம தலைமுடியா, வருஷா வருஷம் கொட்டிப் போக?

அண்ணி: படத்துல பன்னெண்டு இருக்கறது எனக்கும் தெரியும்.

நாத்தனார்: பின்ன எதுக்கு எண்ணச் சொன்னீங்க? உடனே கிளம்பி லேபுக்கு வான்னு போன்ல சொன்னதும் அண்ணனுக்குத்தான் என்னவோன்னு பதறிட்டேன். பாருங்க, இந்தக் கால்ல ஒரு செருப்பு, அந்தக் கால்ல வேற செருப்பு.

அண்ணி: உங்கண்ணனுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கார். உக்காரு.

நாத்தனார்: பாடப்புத்தகத்துக்கு வெண்டைக்காய் படம் பாதியில நிக்குது. சாயங்காலம் குடுக்கணும்.

அண்ணி: வெண்டைக்காய் எங்கயும் ஓடிடாது. இந்தப் புத்தகத்தை முதல் படத்துலேருந்து எனக்குச் சொல்லு. நண்டு லார்வான்னா என்னன்னே தெரியாதவன்னு என்னை நெனச்சுக்கோ.

நாத்தனார்: நீங்க எழுதின புத்தகம். நான் வெறும் படம் போட்டவ. டாக்டரம்மாவுக்கு நான் பாடம் எடுக்கறதா?

அண்ணி: எடு.

நாத்தனார்: சரி... முட்டையிலேருந்து வெளிய வந்ததும் முதல் பருவம். சோயியான்னு பேரு. கடுகுல பாதிகூட இருக்காது. நண்டுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. உடம்பு மேல ஒரு தொப்பி. தொப்பிக்கு மேல முதுகுப் பக்கம் நீட்டா ஒரு முள்ளு. மூக்குல கீழ பாத்து இன்னொரு முள்ளு. ரெண்டு விலாவுலயும் குட்டியா ஒவ்வொண்ணு. அந்த மூக்கு முள்ளை வரையறப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?

அண்ணி: உங்க குடும்பத்து மூக்குன்னேன்.

நாத்தனார்: ஒரு வாரம் உங்களோட பேசல நான்.

அண்ணி: நிம்மதியா இருந்துச்சு. கண்ணு?

நாத்தனார்: முதல் பருவத்துல கண்ணு உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டாவதுல காம்பு வந்து கண்ணு தனியா நிக்கும். நீந்தறதுக்குன்னு தனிக் கால் கிடையாது. வாய்ப் பக்கத்துல இருக்கற ரெண்டு ஜோடி உறுப்புதான் துடுப்பு. தாடைக்கால்னு எழுதியிருக்கீங்க. அதோட நுனியில இறகு மாதிரி முடி. முதல் பருவத்துல நாலு. சட்டையை உரிச்சுட்டு ரெண்டாவதுக்கு வந்தா ஆறு. அடுத்த சட்டையை உரிச்சா எட்டு. நாலாவதுல பத்து. அஞ்சாவதுல...

அண்ணி: பன்னெண்டு.

நாத்தனார்: ரெண்டாம் வாய்ப்பாடு. உங்க பொண்ணு மூணு வயசுலயே சொன்னா.

அண்ணி: அதான் வினையாப் போச்சு. மேல சொல்லு. மூணாவது.

நாத்தனார்: என்ன வினை?

அண்ணி: மூணாவதைச் சொல்லு.

நாத்தனார்: மூணாவதுல வாலுக்கு ஒரு கணு கூடும். வாலோட நுனி எப்பவும் போல ரெண்டாப் பிரிஞ்ச கவட்டை. வாலுக்கு அடியில மொட்டு மாதிரி சின்னச் சின்னப் புடைப்பு. அதுதான் பின்னால வால்கால். நாலாவதுல அந்த மொட்டெல்லாம் விரல் மாதிரி நீண்டுடும். தொப்பிக்கு அடியில நடக்கற கால் எல்லாம் மடிச்சு வெச்ச துணி மாதிரி தெரியும். முதல் ஜோடி நுனியில கொடுக்கு பிளந்திருக்கும்.

அண்ணி: நாலாவதுலயே.

நாத்தனார்: நாலாவதுலயேதான். கண்ணால பாத்து வரைஞ்சது.

அண்ணி: அப்புறம் அஞ்சாவதுக்கு என்ன வேலை? கொடுக்கு வந்தாச்சு. கால் வந்தாச்சு. வால்காலும் நீண்டாச்சு. அடுத்து நேரா மெகலோபா ஆக வேண்டியதுதானே?

நாத்தனார்: மெகலோபாதான் பாதி நண்டு ஆச்சே. முதுகு முள்ளு போயிடும், முன்னால கொடுக்கு, பின்னால நீட்டின வால். வால்காலை அடிச்சு நீந்தும். அப்புறம் அந்த வாலை மடிச்சு வயித்துக்கடியில செருகினா முழு நண்டு. நடுவுல அஞ்சாவது எதுக்குன்னு... அதை வெச்சவன்கிட்டப் போய்க் கேளுங்க.

அண்ணி: வெச்சது யாரு?

நாத்தனார்: ...என்ன அண்ணி, போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வெச்ச மாதிரி இருக்கு.

அண்ணி: சல்லடை மூணாவது தடவையா தீசிஸ் குடுத்திருக்கா.

நாத்தனார்: எந்தச் சல்லடை?

அண்ணி: பக்கத்து லேப்ல இதே நண்டை வளக்கற பொண்ணு. மாடிப்படியில உனக்கு எப்பவும் வழி விடுவாளே, மெலிசா, கண்ணாடி போட்டுட்டு.

நாத்தனார்: ஓ... அவளா. எந்நேரமும் கையில சல்லடையோட திரியறதால அந்தப் பேரா?

அண்ணி: இல்ல. நான் வெச்ச பேரு. அவ தீசிஸைப் படிச்சு முடிவு சொல்ற ஆள் நான்தான். முதல் தடவை வந்தப்ப இந்த நண்டுக்கு நாலு சோயியா பருவம்தான், அஞ்சு இல்லன்னு எழுதியிருந்தா. மீட்டிங்ல எல்லார் முன்னாலயும் சொன்னேன்... உன் சல்லடை ஓட்டை வழியா ஒரு பருவமே ஓடிப் போச்சும்மான்னு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. அன்னியிலேருந்து வாசல்ல நிக்கற வாட்ச்மேன்கூட அவளை அப்படித்தான் கூப்பிடறார்.

நாத்தனார்: பாவம் அண்ணி.

அண்ணி: ரெண்டாவது தடவையும் நாலுன்னுதான் கொண்டு வந்தா. கவனக்குறைவுன்னு எழுதித் திருப்பி அனுப்பினேன். இது மூணாவது. இப்பவும் திருப்பினா அவளுக்கு இங்க இடம் கிடையாது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நாலு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போடணும்.

நாத்தனார்: இப்பவும் நாலுன்னுதான் சொல்றாளா?

அண்ணி: சொல்றதோட விடல. அந்தப் பெட்டியைத் திற.

நாத்தனார்: ...இத்தனை ஸ்லைடா?

அண்ணி: அறுபது லார்வா. அறுபதையும் தனித்தனிக் கிண்ணத்துல வளத்திருக்கா. மெகலோபா ஆகற வரைக்கும் ஒவ்வொண்ணும் உரிச்சுப் போட்ட சட்டையை எடுத்து ஒட்டி, தேதி போட்டு வெச்சிருக்கா. ஒரு ஸ்லைடுல எத்தனை சட்டை இருக்குன்னு எண்ணு.

நாத்தனார்: நாலு... இதுலயும் நாலு. ஒண்ணு பறந்திருக்கும். சோப்பு நுரை கனம்கூட இல்ல, மூச்சு விட்டாலே பறக்கும்.

அண்ணி: அறுபதுலயும் ஒவ்வொண்ணு பறந்துச்சா?

நாத்தனார்: தண்ணி வேறயா இருந்திருக்கும். இல்ல, தீனி. நம்ம அப்ப...

அண்ணி: படத்தைப் பாரு. நாலாவது. முதுகு முள்ளோட நுனி.

நாத்தனார்: லேசா வளைஞ்சிருக்கு. அந்த லார்வாவுக்கு அப்படி. எதுலயோ இடிச்சிருக்கும். இருக்கறதை இருக்கற மாதிரி வரையணும்னு நீங்கதானே படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க.

அண்ணி: சொன்னேன். இப்ப அஞ்சாவது படம். அதே வளைவு. அதே பக்கம்.

நாத்தனார்: அதே லார்வாவா இருக்கும். அதுவே வளந்து...

அண்ணி: நாலாவதை வரைஞ்சு முடிச்சதும் கெடாம இருக்க ஸ்பிரிட்ல போட்டு, பாட்டில்ல சீட்டு ஒட்டி வெச்சிருக்க. உன் கையெழுத்து. அந்த அலமாரியில இப்பவும் இருக்கு. ஸ்பிரிட்டுக்குள்ள கிடந்துக்கிட்டு சட்டையை உரிச்சுதா?

நாத்தனார்: ...கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

அண்ணி: குடி.

நாத்தனார்: அண்ணனுக்குத் தெரியுமா?

அண்ணி: உங்கண்ணனுக்கு நண்டு பக்கவாட்டுல நடக்கும், அவ்வளவுதான் தெரியும்.

நாத்தனார்: அஞ்சாவது பருவத்தை நான் பாக்கல அண்ணி. பதினோரு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. பாக்கல. பாக்காமதான் வரைஞ்சேன்.

அண்ணி: ஏன்?

நாத்தனார்: நீங்க பிரசவத்துக்குப் போறப்ப பத்தொம்பது லார்வாவைக் கண்ணாடிக் கிண்ணத்துல வெச்சு என்கிட்டக் குடுத்துட்டுப் போனீங்க. எல்லாம் நாலாவது பருவம். ஒண்ணை ஸ்பிரிட்ல போட்டேன். மீதியைக் கிண்ணத்தோட மைக்ராஸ்கோப்புக்கு அடியில வெச்சுப் பாத்துட்டிருக்கேன்... அண்ணன் போன். பொண்ணு பொறந்திருக்கான்னார். அப்படியே எழுந்து ஓடி வந்துட்டேன். மைக்ராஸ்கோப் விளக்கை அணைக்கல.

அண்ணி: எவ்வளவு நேரம்?

நாத்தனார்: உங்க பக்கத்துல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேனே. திரும்பி வந்து தண்ணியில விரலை வெச்சா குளிக்கற சூடு. எல்லாம் வெள்ளையாக் கிடந்துச்சு.

அண்ணி: மறுநாளும் நீ ஆஸ்பத்திரிக்கு வந்த. குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிட்டு அழுத.

நாத்தனார்: ஆமா.

அண்ணி: அத்தைக்காரி சந்தோஷத்துல அழறான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.

நாத்தனார்: அதுக்கப்புறம் அந்தக் குழந்தையை எப்பத் தூக்கினாலும் அந்தக் கிண்ணம்தான் ஞாபகம் வரும். ரொம்ப வெக்கமா இருக்கும். அவ என்ன பாவம் பண்ணினா?

அண்ணி: என்கிட்டச் சொல்லியிருக்கலாமே.

நாத்தனார்: எப்படிச் சொல்றது? எனக்கு வேலை போய் உங்க வீட்டுல வந்து உக்காந்திருந்தேன். நீங்கதான் இரக்கப்பட்டு வரையற வேலையை வாங்கிக் குடுத்தீங்க. வந்த ரெண்டாவது மாசமே எல்லாத்தையும் கொன்னுட்டேன்னு பச்சை உடம்புக்காரிகிட்ட வந்து சொல்லவா? அதோட... நாளைக்கு நமக்குள்ள ஒரு பேச்சு வந்தா, இதை எடுத்துச் சொல்லிக் காட்டுவீங்களோன்னு.

அண்ணி: காட்டியிருப்பேன்தான்.

நாத்தனார்: தெரியும்.

அண்ணி: பெரிய தொட்டியில வேற லார்வா இருந்துச்சே. மெகலோபாவை அதுலேருந்துதானே எடுத்து வரைஞ்ச?

நாத்தனார்: அஞ்சாவதையும் அதுலதான் தேடினேன். காலையில வந்ததுலேருந்து வீட்டுக்குப் போற வரைக்கும் சொட்டு சொட்டா எடுத்து எடுத்துப் பாத்தேன். நாலாவது இருந்துச்சு. ஒரு நாள் பாத்தா மெகலோபா இருந்துச்சு. நடுவுல ஒண்ணையும் காணோம்.

அண்ணி: ஒருவேளை அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு உனக்குத் தோணலியா?

நாத்தனார்: தோணறதுக்கு நான் யாரு? நான்தான் கண்ணு தெரியாம விட்டுட்டேன்னு நெனச்சேன். அதான் உங்க பேப்பர்ல தெளிவா இருந்துச்சே.

அண்ணி: எந்தப் பேப்பர்?

நாத்தனார்: ஆஸ்பத்திரியிலேருந்து அண்ணன்கிட்டக் குடுத்து அனுப்பினீங்களே. அஞ்சாவது பருவம், தாடைக்கால்ல முடி பன்னெண்டு, வால்கால் இன்னும் நீளம், கொடுக்கு இன்னும் பெரிசுன்னு. அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நாலாவது படத்தை அப்படியே கொஞ்சம் பெரிசாக்கி, ரெண்டு முடியைச் சேத்தேன். முள்ளை நிமித்தணும்னு தோணல. நீங்க பாத்து எழுதினதைத்தானே வரையறோம், இதுல பொய் என்ன இருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அண்ணி: ம்...

நாத்தனார்: சரி, புரிஞ்சு போச்சு. இதுக்குத்தானே வரச் சொன்னீங்க? படம் தப்பு, படம் போட்டவ தப்புன்னு எழுதிட்டுக் கையெழுத்துப் போடப் போறீங்க.

அண்ணி: காலையில அப்படித்தான் நெனச்சேன்.

நாத்தனார்: ...மறைக்காம சொல்றீங்களே.

அண்ணி: கேவலமாத்தான் இருக்கு. குளிக்கறப்பவே வாக்கியத்தைக்கூட யோசிச்சு வெச்சுட்டேன். ஓவியரின் பிழைன்னு.

நாத்தனார்: எழுதிக்குங்க. நான் செஞ்சதுதானே. அந்தப் பொண்ணு பொழைச்சுப் போகட்டும்.

அண்ணி: எழுத முடியாது. நானும் அஞ்சாவதைப் பாத்தது இல்ல.

நாத்தனார்: என்னது?

அண்ணி: அந்தப் பேப்பர் எதையும் பாத்து எழுதினது இல்ல. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துட்டு எழுதினது. இதுக்குச் சொந்தக்கார நண்டு எல்லாத்துக்கும் அஞ்சு பருவம். இதுக்கும் அப்படித்தான் இருக்கும்னு கணக்குப் போட்டேன். நாலு, ஆறு, எட்டு, பத்து... அடுத்தது பன்னெண்டு. இப்படி ஒண்ணு வருதான்னு பாக்கச் சொல்லுங்கன்னு உங்கண்ணன்கிட்ட வாயாலயும் சொல்லி அனுப்பினேன்.

நாத்தனார்: அண்ணன் ஒரு வார்த்தை சொல்லல. பேப்பரை மேஜையில போட்டாரு, பொண்ணு உன்னை மாதிரியே இருக்கான்னாரு, போயிட்டாரு.

அண்ணி: அதையாவது சரியாச் சொன்னாரா.

நாத்தனார்: நீங்க அப்புறமாவது என்னைக் கேட்டிருக்கலாமே. எந்த லார்வா, எந்தக் கிண்ணம்னு ஒரு கேள்வி...

அண்ணி: எதுக்குக் கேப்பேன்? மூணு வாரம் கழிச்சு உன் படம் வந்துச்சு. நான் சொன்ன மாதிரியே பன்னெண்டு முடி. எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? பாக்காமலே சரியாச் சொல்லிட்டேன்னு வீட்டுக்கு வந்தவங்க போனவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். அந்தப் படத்தை எதிர்ல வெச்சுக்கிட்டுத்தான் அஞ்சாவது பருவத்தைப் பத்தி ஆறு பக்கம் எழுதினேன்.

நாத்தனார்: நான் உங்க எழுத்தைப் பாத்து வரைஞ்சேன்.

அண்ணி: நான் உன் படத்தைப் பாத்து எழுதினேன்.

நாத்தனார்: அப்ப லார்வாவைப் பாத்தது யாரு?

அண்ணி: சல்லடை.

நாத்தனார்: சிரிப்புத்தான் வருது அண்ணி. பதினோரு வருஷமா உங்க முன்னால தலை குனிஞ்சுட்டு இருந்தேன். உங்க வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டாக்கூட நெஞ்சுல நிக்கும்.

அண்ணி: கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காம நீ சாப்பிட்டதைப் பாத்தா அப்படித் தெரியலியே.

நாத்தனார்: கிண்டல் வேற. விடுங்க அண்ணி. வேணும்னு யாரும் செய்யலியே. ஒருத்தரை ஒருத்தர் நம்பினோம். அண்ணியும் நாத்தனாரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பிக் கெட்டாங்கன்னு சொன்னா யாரும் நம்பக்கூட மாட்டாங்க. அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிடலாம்.

அண்ணி: வரச் சொல்லியிருக்கேன்.

நாத்தனார்: அப்ப ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க? தெரியாம நடந்த தப்பு. அதுல அசிங்கப்பட என்ன இருக்கு?

அண்ணி: உனக்கு அது சரி.

நாத்தனார்: நம்ம ரெண்டு பேருக்கும்தான்.

சல்லடை: மேடம்... உள்ள வரலாமா?

அண்ணி: வாம்மா. உக்காரு.

சல்லடை: நிக்கறேன் மேடம். திருப்பி அனுப்பறதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அப்பா வண்டியோட கீழ நிக்கறார். ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணிட்டு இன்னிக்கே கிளம்பிடறோம்.

அண்ணி: பெட்டியெல்லாம் கட்டிட்டியா?

சல்லடை: நேத்தே கட்டிட்டேன் மேடம். உங்களைக் குறை சொல்லல. எனக்குத்தான் அஞ்சாவது கிடைக்கவே மாட்டேங்குது.

அண்ணி: கிடைக்காது. அப்படி ஒண்ணு இல்ல. நாலுதான். உன் தீசிஸ் சரி, என் புத்தகம் தப்பு. இந்தா, உன் முன்னாலயே கையெழுத்துப் போடறேன்.

சல்லடை: ...மேடம்?

நாத்தனார்: நெசம்தாம்மா. அந்தப் படத்தைப் போட்டவ நான். கண்ணால பாக்காம போட்டேன்.

அண்ணி: நானும் பாக்காமதான் எழுதினேன்.

சல்லடை: அப்ப... நான் எதையும் தவற விடல.

அண்ணி: விடல.

சல்லடை: என் கண்ணுலதான் கோளாறுன்னு ரெண்டு தடவை கண்ணாடி மாத்தப் போனேன் மேடம். ரெண்டாவது தடவை டாக்டரே திட்டினார், பவர் மாறவே இல்ல, எதுக்கு வந்தீங்கன்னு.

நாத்தனார்: எங்களை மன்னிச்சுக்கோம்மா.

சல்லடை: ஐயோ, நீங்க போய் என்கிட்ட... பரவால்ல. நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களுக்கும் இன்னிக்குத்தானே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்ச உடனே கூப்பிட்டுச் சொல்லிட்டீங்க. வேற யாராவதா இருந்தா அமுக்கியிருப்பாங்க.

நாத்தனார்: அதைத்தான் நானும் இவங்ககிட்டச் சொல்லிட்டிருந்தேன். கேக்கவே மாட்டேங்கறாங்க.

சல்லடை: உங்க மேல எனக்கு வருத்தமே இல்ல மேடம். நிஜமா. அப்பாகிட்ட ஓடிப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்.

அண்ணி: இரும்மா.

நாத்தனார்: போகட்டும் அண்ணி. அந்த மனுஷன் அங்க என்ன பாடுபடறாரோ.

சல்லடை: ஒரே நிமிஷம் மேடம்...

அண்ணி: இதைக் கேட்டுட்டுப் போ. எனக்குத் தெரிஞ்சது இன்னிக்கு இல்ல. உன் ரெண்டாவது தீசிஸைத் திருப்பி அனுப்பறதுக்கு மூணு வாரம் முன்னாடியே, நாப்பது லார்வாவை நானே தனித்தனியா வளத்துப் பாத்துட்டேன். நாப்பதும் நாலு சட்டைதான் உரிச்சுது.